துரோகிக்கு விழும் அடி வேறு, அவன் படும் வருத்தம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுத் தொடர்களைப் பற்றித் தமிழ் நாளிதழ் இணைப்புகளில் இப்போது நிறையவே எழுதுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பேச்சு வந்துவிட்டால் எல்லாரும் அந்தக் கல்யாண வீட்டுப் படுகொலையில் போய் நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் தியோன் கிரேஜாய் என்ற பாத்திரத்துக்கு ஒற்றை வரி ஒதுக்குவார்கள்: “துரோகிக்குத் தகுந்த தண்டனை கிடைத்தது.” அந்த ஒற்றை வரியை மறுக்கத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, வெட்டுவது தங்கள் உரிமை. தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவு வரை சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் கணக்கு. 2011 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் தொடங்கிய தொடர் 2019 மே 19 அன்று முடிந்தது. 8 சீசன், 73 எபிசோட். தியோன் முதல் எபிசோடிலேயே வருகிறான். தன்னை வளர்த்த ஸ்டார்க் குடும்பத்தின் வின்டர்ஃபெல் கோட்டையைப் பிடித்துத் துரோகியாவது இரண்டாம் சீசனின் ஆறாவது எபிசோட், அதாவது மொத்தத்தில் 16-வது. சாவது எட்டாம் சீசனின் மூன்றாவதில், 70-வது. நடுவே 53 எபிசோட். ஒளிபரப்பான கணக்கில் 2012 மே தொடங்கி 2019 ஏப்ரல் வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். ஒரு துரோகத்தின் வருத்தத்துக்கு இவ்வளவு நீளமான இடம் கொடுத்த தொடர்கள் குறைவு. இதை விட்டுவிட்டுத் தண்டனையை மட்டும் பேசினால் விமர்சனம் பாதியில் நின்றுபோகிறது.

கல்யாணப் படுகொலையை ஒப்புக்குச் சொல்லிவிட்டு நகர முடியாது. 2013 ஜூன் 2 அன்று வந்த அந்த எபிசோடின் அதிர்ச்சி எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்தால், தியோன் விஷயத்தில் என்ன வேறுபடுகிறது என்பது விளங்கும். வடக்கு நாட்டின் இளம் அரசன் ராப் ஸ்டார்க், ஃப்ரே வீட்டுப் பெண்ணைக் கட்டுவதாகச் சொன்ன வாக்கை மீறியவன். அதற்கு மன்னிப்புக் கேட்டு, சமாதானமாக வந்திருக்கிறான். ரொட்டியும் உப்பும் கொடுத்தாகிவிட்டது. அந்த உலகத்தில் அதைத் தின்றவன் மேல் வீட்டுக்காரன் கை வைக்கக்கூடாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் ஊரில் தின்றவனுக்குச் சொன்ன பேச்சு, அங்கே அது போட்டவனையும் கட்டுகிறது. பிறகு மூன்று சின்னச் சங்கதிகள். மண்டபத்தின் கதவை ஒருவன் சாத்துகிறான். மேலே இருக்கும் வாத்தியக்காரர்கள் எதிரிக் குடும்பமான லானிஸ்டர்களின் பாட்டை எடுக்கிறார்கள். ராபின் தாய் கேட்லின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் சட்டைக் கையை விலக்கிப் பார்க்கிறாள், உள்ளே இரும்புக் கவசம். கத்தி இன்னும் உறையை விட்டு வரவில்லை, அதற்குள் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் தடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகள்தான் வயிற்றைப் பிசைகிறது. இறுதிப் பெயர்ப் பட்டியலும் இசையே இல்லாமல் ஓடுகிறது.

ஆனால் அதைச் செய்தவர்களில் ஒருவன்கூட வருந்துவதில்லை. ஆகவே பார்ப்பவர் மனதில் தங்குவது கோபம் மட்டும். கோபத்துக்குப் பழிவாங்கல் போதும், பின்னால் ராபின் தங்கை ஆர்யா வந்து ஃப்ரே குடும்பத்தையே முடிக்கும்போது அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. தியோனின் கணக்கு அப்படித் தீராது. அவன் விஷயத்தில் நாம் உட்கார்ந்திருப்பது துரோகியின் தலைக்குள்ளே.

தியோன் கடலோரத் தீவுகளின் தலைவனான பேலன் கிரேஜாயின் மகன். தந்தையின் கலகம் தோற்றபோது சிறுவனாகப் பிடிக்கப்பட்டு, ஸ்டார்க் வீட்டில் பாதி பணயக்கைதியாகவும் பாதி பிள்ளையாகவும் வளர்ந்தவன். ராப் அவனைச் சகோதரனாக நினைத்து, தாய் வேண்டாம் என்று சொல்லியும், தந்தையிடம் கூட்டணி பேச அனுப்புகிறான். சொந்த ஊரில் வரவேற்பு இல்லை. தந்தை ராபின் ஓலையை நெருப்பில் போடுகிறார், மகனை வேற்றாளாக நடத்துகிறார். இரண்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடில் தியோன் வெடிக்கிறான்: என்னைத் தூக்கிக் கொடுத்தது நீங்கள்தானே, திரும்பி வந்ததற்கு என்னையே ஏசுகிறீர்களா என்று. நியாயமான கேள்வி. அடுத்து இரவில் ஒரு காட்சி. தீவுக்காரர்கள் தாக்கப்போகிறார்கள் என்று ராபுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டிவிடுகிறான். வசனம் கிடையாது.

இந்தக் காட்சியை விமர்சகர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை. மொத்தக் கதையும் தொங்குவது இந்த ஆணியில்தான். கடிதம் எழுதாமலே கட்சி மாறியிருந்தால் அவன் வெறும் எட்டப்பன். எழுதியதால் அவனுக்குச் சரி எது என்று தெரியும் என்பது நமக்கும் தெரிந்துவிடுகிறது. பின்னால் அவன் என்ன சாக்குச் சொன்னாலும் அந்தக் கருகிய காகிதம் நம் கண்முன் நிற்கும். தெரியாமல் செய்தவனுக்கு வருத்தம் வரும்தான், ஆனால் தெரிந்தே செய்தவனைப் போல அது உள்ளே போய் அரிக்காது.

வின்டர்ஃபெல்லைப் பிடித்த அன்று படுக்கையில் இருக்கும் ராபின் தம்பி, ஊனமுற்ற சிறுவன் பிரான் அவனிடம் கேட்பது சின்னக் கேள்வி: இத்தனை நாளும் எங்களை வெறுத்துக்கொண்டுதான் இருந்தாயா? பதில் வருவதில்லை. வெறுப்பு இருந்திருந்தால் துரோகம் சுலபமாக இருந்திருக்கும். அன்றே தன்னை வளர்த்த வீட்டின் படைப் பயிற்சியாளர் ராட்ரிக்கின் தலையை வெட்டுகிறான். ஒரே வெட்டில் விழவில்லை. மழையில் திரும்பத் திரும்ப வெட்டி, கடைசியில் காலால் உதைத்துத்தான் தலையைப் பிரிக்கிறான். முதல் எபிசோடில் ராபின் தந்தை நெட் ஸ்டார்க் ஒருவனுக்கு மரண தண்டனை கொடுத்தபோது ஒரே வீச்சில் முடித்தார், அப்போது தியோனும் அங்கே நின்றிருந்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். யாரைப் போல ஆக நினைத்தானோ அவரைப் போல ஒரு தண்டனையைக்கூட நிறைவேற்ற அவனால் முடியவில்லை.

அடுத்தது பொய். பிரானும் தம்பி ரிக்கனும் தப்பிவிட, பண்ணையில் இருந்த இரண்டு பையன்களைக் கொன்று, கரியாக்கி, இவர்கள்தான் அவர்கள் என்று கோட்டை வாசலில் தொங்கவிடுகிறான். முதிய அறிஞர் லூவின் அவனிடம், நீ வேஷம் போடுகிற ஆள் நீ இல்லை என்கிறார். வடக்கு எல்லைச் சுவரைக் காக்கும் படையில் சேர்ந்துவிடு, அங்கே பழைய குற்றம் கழிந்துவிடும் என்று வழியும் காட்டுகிறார். இனி வேறு வேஷம் போட முடியாத தூரத்துக்கு வந்துவிட்டேன் என்கிறான் அவன். தமிழில் கழிவிரக்கம் என்று ஒரு சொல் இருக்கிறது, கழிந்ததற்கு இரங்குவது. அவனுக்கு அது வந்துவிட்டது. ஆனால் திரும்பி நடக்க அது மட்டும் போதவில்லை.

இங்கிருந்துதான் தொடர் ஒரு பெரிய தவறும் செய்கிறது. மூன்றாம் சீசன் முழுக்க ராம்சே என்பவன் தியோனைச் சித்திரவதை செய்வதை எபிசோடுக்கு எபிசோட் காட்டுகிறார்கள். மூல நாவல்களில் அப்படி இல்லை. இரண்டாம் நாவலுக்குப் பிறகு தியோன் காணாமல் போகிறான். மூன்றிலும் நான்கிலும் அவன் பார்வையில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. ஐந்தாம் நாவலில் திடீரென்று ‘ரீக்’ என்ற தலைப்பில் யாரோ ஒருவன் பேசுகிறான். சில பக்கம் கழித்துத்தான் இது தியோன், ரீக் என்பது ராம்சே அவனுக்கு வைத்த பெயர் என்று புரிகிறது. நடந்தவை துண்டு துண்டாக நினைவில் வருகின்றன. அந்த அத்தியாயத் தலைப்புகளையே பாருங்கள்: ரீக் என்று தொடங்கி, வின்டர்ஃபெல்லின் இளவரசன், கட்சி மாறி என்று நகர்ந்து, கடைசியில் தியோன் என்றே முடிகின்றன. பெயர் திரும்பக் கிடைப்பதுதான் அங்கே கதை.

திரையில் அடியை நேரடியாகக் காட்டியதால் என்ன கெட்டது? பார்ப்பவர் கையில் தராசு வந்துவிடுகிறது. இத்தனை குற்றம், இத்தனை அடி, சரியாப் போச்சு என்று மனது தானே கணக்கை முடித்துக்கொள்கிறது. “தகுந்த தண்டனை” என்ற வரி பிறப்பது இங்கேதான். ராம்சே அடித்தது தியோன் துரோகி என்பதற்காக அல்ல, அவனுக்கு அடிப்பது பிடிக்கும். அந்த வலிக்கும் இந்தக் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த சீசனில் உண்மையான வருத்தம் வருவது ஓரிடத்தில், நான்காவது எபிசோடில். தப்பிக்க உதவுவதாக நடிக்கும் ஒருவனிடம் தியோன் மனதைத் திறக்கிறான்: என் உண்மையான தந்தை தலைநகரில் தலையை இழந்தவர் (நெட் ஸ்டார்க்கைத்தான் சொல்கிறான்), தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். யாரும் அடித்து வாங்கிய வாக்குமூலம் இல்லை இது. கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆள்தான் ராம்சே, நேராகப் பழைய சிறைக்கே கூட்டிப்போய்க் கட்டுகிறான். மனம் திறந்த இடத்திலேயே ஏமாற்றப்பட்டவன் அதன் பிறகு வாய் திறக்காமல் போனதில் வியப்பில்லை.

நான்காம் சீசனின் இரண்டாவது எபிசோடில் ஒரு சவரக் காட்சி வருகிறது. ராம்சே நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரீக் ஆகிவிட்ட தியோனைத் தனக்குக் கத்தியால் சவரம் செய்துவிடச் சொல்கிறான். கத்தி கழுத்தில் இருக்கும்போது, ராப் கல்யாண வீட்டில் கொல்லப்பட்டதைச் சாதாரணமாகச் சொல்கிறான். கை நிற்கிறது. கண் ஓரிடத்தில் குத்தி நிற்கிறது. அழ அனுமதி இல்லை. கழுத்தை அறுக்கத் துணிவும் இல்லை. கை மறுபடி சவரத்தைத் தொடர்கிறது. துரோகத்தின் முழு விலையும் இந்த ஓரிரு நிமிடத்தில் இருக்கிறது: மன்னிப்புக் கேட்க வேண்டியவன் போய்விட்டான், இனிக் கேட்க ஆளில்லை. தியோனாக நடித்த ஆல்ஃபி ஆலன் 2019-இல் எம்மி விருதுக்குத் துணை நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். இந்தக் காட்சிக்கே அதைக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. அதே சீசனின் ஆறாவதில் அக்கா யாரா கப்பலோடு மீட்க வரும்போது அவன் கூண்டை விட்டு வெளியே வர மறுத்துக் கடிக்கிறான். என் தம்பி செத்துவிட்டான் என்று அவள் திரும்பிப் போகிறாள்.

ஐந்தாம் சீசனில் ராபின் தங்கை சான்சா. நாவலில் ராம்சேவுக்குக் கட்டிவைக்கப்படுபவள் வேறொரு பெண், ஸ்டார்க் மகள் என்று பொய் சொல்லிக் கொண்டுவரப்படுபவள். தொடரில் சான்சாவையே வைத்தார்கள். இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம், தியோன் தான் கெடுத்த குடும்பத்தின் பெண்ணையே தினமும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐந்தாவது எபிசோடில் சாப்பாட்டு மேசையில் ராம்சே அவனை அவளிடம் மன்னிப்புக் கேட்கவைக்கிறான். வார்த்தைகள் எல்லாம் சரி, உயிர் இல்லை. எட்டாவதில் சான்சா தனியே மடக்கிக் கேட்கும்போது, செத்தவர்கள் பிரானும் ரிக்கனும் இல்லை, யாரோ இரண்டு பையன்கள் என்று உளறிவிடுகிறான், எனக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தகும் என்றும் சொல்கிறான். ஏவி வரும் மன்னிப்புக்கும் தானாய்க் கழலும் உண்மைக்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உணரலாம். நஷ்டம், முதலிரவு வன்கொடுமைக் காட்சியில் கேமரா சான்சாவை விட்டுத் தியோன் முகத்துக்குப் போனது. ஒரு பெண்ணின் துன்பத்தை ஓர் ஆணின் குற்றவுணர்வுக்குத் தீனியாக்கினார்கள் என்று அப்போதே கண்டனம் வந்தது. கண்டித்தவர்கள் பக்கம்தான் நியாயம்.

அவளைக் காப்பாற்றி மதிலிலிருந்து குதித்தபின், ஆறாம் சீசனின் இரண்டாவதில் தியோன் சொல்வது: எனக்கு மன்னிப்பு வேண்டாம், உங்கள் குடும்பத்துக்குச் செய்ததை என்னால் ஈடுகட்டவே முடியாது. பெரும்பாலான திரைக்கதைகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு நல்ல காரியம் செய்தவுடன் பாத்திரம் ரசீது நீட்டும். நம் நெடுந்தொடர்களில் வில்லி கடைசி வாரத்தில் காலில் விழுந்து அழுதால் ஐந்நூறு எபிசோட் கொடுமையும் ரத்தாகிவிடுமே, அந்த மாதிரி. தியோன் ரசீது கேட்பதில்லை.

அதைவிடத் துணிச்சலானது ஏழாம் சீசனின் இரண்டாவது எபிசோட். சித்தப்பன் யூரோன் அக்காவின் கழுத்தில் கோடரியை வைத்துக்கொண்டு வா என்கிறான். கப்பல் முழுக்க வெட்டும் அலறலும். தியோன் முகம் துடிக்கிறது, பழைய ரீக் எட்டிப் பார்க்கிறான், கடலில் குதித்துவிடுகிறான். அன்று அவனைத் திட்டாத ரசிகர்கள் குறைவு. ஆனால் எழுத்தில் அது சரியான முடிவு. வருத்தம் ஒருவனை நல்லவனாக்கலாம், அவன் உடம்பில் ஏறிய பயத்தை அது எடுத்துவிடாது. உடைந்தவன் ஒரே தடவையில் ஒட்டிவிட்டால் அது உடைப்பே இல்லை.

அதே சீசனின் கடைசியில், ஸ்டார்க் வீட்டில் கூடவே வளர்ந்த ஜான் ஸ்னோவிடம் வருகிறான். ஜான் சொல்வதைக் கவனிக்க வேண்டும்: எல்லாவற்றையும் மன்னிக்க எனக்கு உரிமை இல்லை, என்னால் மன்னிக்கக்கூடியதை மன்னிக்கிறேன். மன்னிப்பிலும் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று கணக்குப் பார்க்கும் வசனம் இது. தொடர் தவறவிட்டதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஸ்டார்க் வீட்டில் மன்னிக்க ஜான் இருக்கிறான், சான்சா இருக்கிறாள், பிரான் இருக்கிறான். கரியாகத் தொங்கிய அந்த இரண்டு பையன்களுக்காகப் பேச யாரும் இல்லை. ஓரிரு வசனத்தோடு தொடர் அவர்களை மறந்துவிட்டது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டதே தியோன் மீட்சிக்கு வசதியாகிவிட்டது.

செய்ந்நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். வருத்தத்துக்கும் நம்மிடம் ஒரு பெரிய உருவம் உண்டு. தவறு தெரிந்த அந்தக் கணத்தில் அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்ட பாண்டியன். அவன் வருந்துவதும் சாவதும் ஒரே செயல். அதனால்தானோ என்னவோ, வருந்தியபிறகும் ஒருவன் உயிரோடு இருந்தால் நமக்கு நம்பிக்கை வருவதில்லை, அடியாவது வாங்கட்டும் என்கிறோம். தியோன் அந்த அச்சில் அடங்கமாட்டான். அவன் வருந்திக்கொண்டே சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பயந்து ஓட வேண்டும், வெட்கத்தோடு திரும்பி வர வேண்டும். எட்டாம் சீசனின் இரண்டாவதில் வின்டர்ஃபெல்லுக்கு வந்து சான்சாவிடம், ஏற்றுக்கொண்டால் இந்தக் கோட்டைக்காகச் சண்டை போடுகிறேன் என்று கேட்கிறான். அவள் பேசவில்லை, கட்டிக்கொள்கிறாள். மறு எபிசோடில், தான் வேட்டையாடிய அதே பிரானுக்குக் காவல் நிற்கிறான். அம்பெல்லாம் தீர்ந்தபின் ஒற்றை ஈட்டியோடு, ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே, எதிரித் தலைவனை நோக்கி ஓடுகிறான்.

இதே தொடரில் சறுக்கிய இடங்களையும் சொல்லாவிட்டால் ரசிகர் மன்றக் கடிதமாகிவிடும். அரியணைக்குப் போட்டியிடும் ஸ்டானிஸின் மனைவி, மகளை எரிக்கச் சம்மதித்துவிட்டு, சிறுமி அலறியதும் ஓடி வருகிறாள், அடுத்த எபிசோடில் தூக்கில் தொங்குகிறாள். காட்சியாகப் பார்த்தால் நெஞ்சை அறுக்கிறது, ஆனால் அவள் மனதுக்குள் நுழைய நமக்கு நேரமே தரவில்லை. ஜேமி லானிஸ்டர் கதை இன்னும் வருத்தம் தருவது. மூன்றாம் சீசனில் கை வெட்டுப்பட்டதிலிருந்து நிதானமாகச் செதுக்கிய மனிதன், கடைசி சீசனின் நான்காவதில் தன்னை நேசிக்கும் வீராங்கனை பிரியென்னை அழவிட்டுப் பழைய காதலியான செர்சியிடம் கிளம்புகிறான், ஐந்தாவதில் அப்பாவி மக்களைப் பற்றி எனக்கு எப்போதும் பெரிய அக்கறை இல்லை என்கிறான். பழைய இடத்துக்கே திரும்பிப் போவது தப்பான கற்பனை இல்லை, மனிதர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் தியோன் கடலில் குதித்தபோது அவன் முகத்தில் காட்டிய அந்த இடைப்படிகள் ஜேமிக்கு இல்லை. முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து எபிசோட், ஏழாவது 7, எட்டாவது 6. குறைத்த எபிசோடில் முதலில் வெட்டுப்படுவது மனம் மாறும் காட்சிகள்தான், சண்டைக் காட்சிகள் அல்ல. கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்களே, அந்தக் கோபத்தின் பெரும்பகுதி இதிலிருந்து வந்தது.

தங்கள் இணைப்பில் இத்தொடர் பற்றி மறுபடி எழுதும்போது இரண்டு தகவல்களையும் சேர்க்கலாம். இது முழுக்க முழுக்கப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தொடர். டிராகன் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட வேண்டாம். இரண்டாவது, சித்திரவதையைப் பார்க்க முடியாதவர்கள் மூன்றாம் சீசனில் தியோன் வரும் இடங்களில் நான்காவது எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தள்ளிவிடலாம், கதை அறுபடாது. பத்தாவதில் அவனுக்கு ரீக் என்ற பெயரை அடித்து ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். ஐந்தாம் சீசனின் ஆறாவது எபிசோடில் கடைசிச் சில நிமிடங்களும் அப்படியே. ஆனால் எட்டாம் சீசனின் நான்காவது எபிசோடின் தொடக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். சிதை மூட்டுமுன் சான்சா தன் உடையில் இருந்த ஸ்டார்க் வீட்டு ஓநாய் ஊசியைக் கழற்றித் தியோன் மார்பில் குத்துகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.